கழுவாத சக்கரம்

கோவில்பட்டியில் எபநேசர் என்று பேருள்ளவர்கள் பத்துப் பேராவது தேறுவார்கள். பள்ளிக்கூடத்து எபநேசர் உண்டு, ஜவுளிக்கடை எபநேசர் உண்டு, ரயில்வே எபநேசர் உண்டு. ஆனால் ‘கம்பி எபநேசர்’ என்று கேட்டால்தான் எட்டயபுரம் ரோட்டில் வேப்பமரத்தடிக் கடைக்குக் கைகாட்டுவார்கள். வேலிக் கம்பியா, கட்டடக் கம்பியா என்று வெளியூர்க்காரன் கேட்டால் உள்ளூர்க்காரனுக்குச் சிரிப்பு வரும். மோட்டார் சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஐயா! நடுவிலிருக்கிற ஹப்பிலிருந்து வளையத்துக்கு ஓடுகிறதே, அந்த ஸ்போக்ஸ் கம்பி.

எஞ்சின் வேலை அவருக்குத் தெரியாது என்றில்லை, பிடிக்காது. “எஞ்சினு நாலு நாளைக்கு நல்லவன் மாதிரி நடிக்கும்டே. கம்பிக்கு நடிக்கத் தெரியாது” என்பார். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவார். காற்றடிக்கிற வால்டியூப் மேலே வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்துவார். அங்கிருந்து இடப்பக்கமாக, ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே வருவார். இறுகிய கம்பி ‘டிங்’ என்னும். இளகிய கம்பி ‘டொக்’ என்னும். டொக் என்ற இடத்தில், கம்பியை வளையத்தோடு பிடித்திருக்கிற நிப்பிள் மறையில் சாவியைப் போட்டுக் கால் திருகு, அவ்வளவுதான். முப்பத்தாறு கம்பியும் ஒரே குரலில் பேசுகிறவரைக்கும் வண்டிக்காரன் பிரதமர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தாலும் விடமாட்டார்.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். “ஏலே, ஒத்தக் கம்பி இளகுனா பக்கத்துக் கம்பி அதுக்கும் சேத்து இழுக்கும்லா? எத்தன நாளுதான் இழுக்கும் அந்தச் சவம்? ஒருநா பட்டுனு போயிரும். அப்பம் ஒன்னத் தூக்கிட்டு வர நாலு பேரு வேணும்” என்று திட்டிக்கொண்டேதான் திருகுவார். அந்தத் திட்டு வாங்குவதற்கென்றே சாத்தூரிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் வந்தார்கள்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. கழுவாத சக்கரத்தில் காது வைக்கக்கூடாது. இதை மற்ற ஊர் மெக்கானிக்கிடம் சொன்னால் என்ன பெரிய விஷயம் என்பான். கரிசல்காட்டில் வண்டி ஓட்டிப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்கமாட்டான். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிற அந்த மண், மழையில் நனைந்தால் காலிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மழை நாளில் காட்டுக்குப் போய்வந்த வண்டியின் ஹப்பிலும் நிப்பிளிலும் அப்பி, ஒரு நாள் வெயிலில் சிமெண்டாக இறுகிவிடும். அதற்கப்புறம் நல்ல கம்பியும் டொக் என்னும், கெட்ட கம்பியும் டொக் என்னும். அதனால் முதலில் தண்ணீர், பிறகுதான் ஸ்பேனர். முப்பது வருஷமாக இதை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாண்டிராஜ் அவருடைய சிநேகிதர். இடைசெவல்காரர். இருவருக்கும் இருபது வயது இருக்கும்போது ஒரு நூல் மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். மில் மூடியதும் பாண்டிராஜ் அப்பனின் நிலத்துக்குத் திரும்பிப் போனார், எபநேசர் சைக்கிள் கடைக்குப் போய் அங்கிருந்து வண்டிச் சக்கரத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வருஷமாக வாரத்துக்கு ஒரு தரமாவது ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருந்ததில்லை.

பாண்டிராஜின் மனைவி பாலம்மாளுக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். கூடப்பிறந்தது ஒரே ஒரு தங்கை. அண்ணன் தம்பி இல்லை. அதனால் எபநேசர்தான் அண்ணாச்சி. பாலம்மாளின் ஒரே மகள் இசக்கிச்செல்வி பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவர ஆளில்லையே என்று பாலம்மாள் அழுதாள். மறுநாள் எபநேசர் பட்டுச்சேலையும் ஏழு தட்டுமாக மேளத்தோடு வந்து இறங்கினார். “வேதக்கார மாமன் வந்துட்டாருடோய்” என்று ஊர் சிரித்தது. அவருடைய சர்ச் சபையிலும் ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள். “பிள்ளைக்குச் சேலை எடுத்துக் குடுக்கதுல என்னய்யா பாவம் இருக்கு?” என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டார்.

இசக்கிச்செல்விக்கும் மாமா என்றால் உயிர். சின்னப்பிள்ளையாக இருந்தபோது கடைக்கு வந்தால் பென்சிலால் கம்பிகளைத் தட்டிப் பார்த்து, “மாமா, இந்தக் கம்பி தூங்குது” என்று கத்துவாள். அவள் சொன்னது பாதி நேரம் சரியாகத்தான் இருக்கும். படித்து முடித்து மதுரையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமை ஊருக்கு வருவாள், திங்கட்கிழமை காலை ரயிலுக்கு அப்பா கொண்டுவந்து ஸ்டேஷனில் விடுவார். இருபத்திநாலு வயது. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

போன ஐப்பசியில் ஆறு நாள் விடாத மழை. ஏழாம் நாள் வெயில் முகம் காட்டியது. மறுநாள் வெள்ளிக்கிழமை. எபநேசர் கடையில் பதினோரு வண்டிகள் வரிசையில் நின்றன. மக்காச்சோளத்தில் பன்றி விழுகிறது என்று டார்ச் லைட்டுக்குப் பேட்டரி வாங்க வந்த பாண்டிராஜ், சும்மா தலைகாட்டிவிட்டுப் போகலாம் என்று கடைக்கு வந்தார். டீ குடித்துவிட்டு வண்டியில் ஏறப் போனவரை எபநேசர் விடவில்லை.

“ஏலே, ஏறாத. ஒரு தட்டு தட்டிப் பாத்துக்கிடுதேன்.”

வண்டி பூராவும் கரிசல் அப்பிக் காய்ந்திருந்தது. பின்சக்கரத்தின் வால்டியூப்பிலிருந்து தொடங்கினார். இடப்பக்கம் அஞ்சு கம்பிகள், வரிசையாக, டொக் டொக் என்றன. மற்றவையும் மண்ணோடுதான் இருந்தன. ஆனாலும் கொஞ்சமாவது குரல் கொடுத்தன. எபநேசரின் கை ஒரு நொடி நின்றது. கழுவிப் பார்க்கவேண்டும். கழுவினால் அரை மணி நேரம். பதினோரு வண்டிக்காரனும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வண்டிய விட்டுட்டுப் போவட்டாடே? நான் பஸ்ல போயிக்கிடுதேன்” என்றார் பாண்டிராஜ்.

“மண்ணுடே, வேற ஒண்ணுமில்ல. ஒங் காட்டு மண்ணு அம்புட்டும் இதுலதான் இருக்கு. போ. சாவகாசமாக் கழுவிட்டுக் கொண்டா.”

அடப்பாவி மனுஷா! ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்ன சட்டத்தை அன்றைக்கு ஒருநாள் உனக்கு நீயே சொல்லிக்கொள்ளக்கூடாதா? அந்நியன் வண்டியாக இருந்திருந்தால் ‘கழுவிட்டு வாடே’ என்று விரட்டியிருப்பார். சிநேகிதன் வண்டி, கேட்காமலே பார்த்தது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மெத்தனம். அவ்வளவுதான் நடந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. இரவெல்லாம் காட்டில் பன்றி விரட்டிவிட்டு வந்த பாண்டிராஜ் முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தார். பாலம்மாள் வாசலில் மறித்தாள். “கண்ணெல்லாம் செவந்து கெடக்கு, நீங்க படுங்க. அவ பஸ்ல போவா.” “பஸ்ஸுக்குக் காத்திருந்தா ரயிலு போயிரும்” என்று பாண்டிராஜ் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாலுவழிச்சாலையில் ஏறின கொஞ்ச தூரத்தில் வண்டியின் பின்பக்கம் கால் மடங்கின மாடு மாதிரி சரிந்தது. பாண்டிராஜ் இடப்பக்கம் மண்ணில் விழுந்தார். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இசக்கிச்செல்வி வலப்பக்கம் ரோட்டில் விழுந்தாள். பின்னால் ஒரு டிப்பர் லாரி வந்துகொண்டிருந்தது.

அவ்வளவுதான். பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

லாரி வண்டியின் மேலும் ஏறியிருந்ததால் சக்கரம் நெளிந்ததை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. ஓட்டினவர் நிலை தடுமாறினார் என்று போலீஸ் எழுதியது. ஊர் அதை இன்னும் சுருக்கமாகச் சொன்னது. “ராத்திரி பூரா முழிச்சிருந்தவன். கண்ணசந்துட்டான்.” பாலம்மாளுக்கும் அதுதான் பட்டது. அவள்தான் வாசலிலேயே மறித்தாளே. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கட்டுப்போட்ட தோளோடு இறங்கின புருஷனைப் பார்த்து, “படுங்கன்னு சொன்னேம்லா, கேட்டீங்களா?” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பாண்டிராஜ் வாய் திறந்து ஒரு மறுப்புச் சொல்லவில்லை. தாய்மாமன் முறைக்குக் கோடித்துணி போடக் கூப்பிட்டார்கள். எபநேசர்தான் போட்டார். அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை முகத்தைப் பார்த்து ‘ஐயோ, ஆத்தா’ என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்.

எட்டு நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விட்ட வண்டியை யாரோ ஒரு சொந்தக்காரர் லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து, உம்ம சிநேகிதன் வண்டிதானே என்று எபநேசர் கடையில் இறக்கிவிட்டுப் போனார். அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து, வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு அந்தப் பின்சக்கரத்தைக் கழுவினார். எதற்குக் கழுவுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மண் கரைந்து ஓடியது. வால்டியூப்பைக் கண்டுபிடித்து அங்கிருந்து இடப்பக்கம் எண்ணினார்.

லாரி ஒடித்த கம்பிகள் பல இருந்தன. அவற்றின் முறிவில் இப்போதுதான் மஞ்சளாகத் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. இந்த அஞ்சும் அப்படி இல்லை. ஹப்பில் வளைகிற கழுத்தில் பாதி முறிவு கறுத்துப் பழுப்பேறிக் கிடந்தது. பழைய வெடிப்பு. நிப்பிளோ விரலால் திருகினாலே சுற்றியது. பல நாளாக இளகி, ஆடி ஆடி, கழுத்தில் வெடித்து, மண்ணின் பிடியில் நின்ற கம்பிகள். வெள்ளிக்கிழமை அவை டொக் என்றது மண்ணால் இல்லை. பாண்டிராஜ் கண்ணசரவும் இல்லை.

எபநேசர் அந்த அஞ்சு கம்பிகளையும் கழற்றி ஒரு துணியில் சுற்றிக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்தார்.

வீட்டில் மனைவி மேரிராணியிடம் மட்டும் சொன்னார். அவள் கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். கேட்டுவிட்டு எழுந்து போய் வாசல்கதவைச் சாத்தினாள். பிறகு, “வாயத் தொறக்காதீங்க” என்றாள். “போன பிள்ள வரப்போறதில்ல. நமக்கும் ஒரு பொம்பளப்பிள்ள இருக்கா. ஒங்க கையில இனி எவன் வண்டி குடுப்பான்?” மேரிராணியைக் குறை சொல்ல முடியாது. எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் சொல்லுவாள். எபநேசருக்கும் யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா என்றுதான் இருந்தது.

ஆனால் இடைசெவலுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் ஆராதனை முடிந்ததும் போனார். அந்த வீட்டில் சத்தம் செத்துப்போயிருந்தது. பாலம்மாள் சோறு பொங்குவாள். பொங்கி, மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். பாண்டிராஜ் தானே போட்டுத் தின்றால் உண்டு. தோளில் கட்டு இருந்த நாட்களிலும் அவர்தான் ஒற்றைக் கையால் செம்பைச் சாய்த்துத் தண்ணீர் மொண்டு குடித்தார். எதையாவது அவரிடம் சொல்லவேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள், இல்லை வாசலில் கட்டியிருக்கிற ஆட்டைப் பார்த்துச் சொல்லுவாள். அவர் அதற்குச் ‘சரி’ என்பார்.

எபநேசர் போனால் மட்டும், “வாங்க அண்ணாச்சி” என்று பாலம்மாள் எழுந்து வருவாள். காப்பி போட்டு டம்ளரை அவர் கையில் கொடுப்பாள். இருக்கிறது ரெண்டு ஆம்பிளை, காப்பி ஒரு டம்ளர். எபநேசர் பாண்டிராஜைப் பார்க்காமல் அதை வாங்குவார். குடித்துவிடுவார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாளே.

மூன்று தடவை சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனார். மூன்று தடவையும் பாண்டிராஜின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மழைக்கும் மக்காச்சோளத்துக்கும் திருப்பிவிட்டார். இவனுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? ‘மண்ணுடே, போ’ என்று நான் சொன்னது இவன் காதில் இருக்கிறதா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறந்திருப்பான் என்று ஒரு நேரம் தோன்றும். அது ஒரு கேவலமான ஆறுதல் என்று அவருக்கே தெரியும். கோயிலில் பாவ அறிக்கை சொல்லுகிற இடத்தில் சபை முழுக்கச் சொல்லும், இவர் மட்டும் தரையைப் பார்த்து நிற்பார். கடையிலோ ஒவ்வொரு சக்கரத்தையும் ரெண்டு தடவை, மூன்று தடவை கழுவினார். பளபளவென்றிருக்கிற புது வண்டியையும் கழுவினார். “என்ன அண்ணாச்சி, சக்கரத்துக்கு ஞானஸ்நானம் குடுக்கீங்களா?” என்று கேலி பேசினார்கள். அவர் திட்டுவதை எப்போது நிறுத்தினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

இப்படியே பத்து மாதம் போய்விட்டது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாண்டிராஜ் காட்டுக்குப் போயிருந்தார். பாலம்மாள் காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள்.

“அண்ணாச்சி, வார வெள்ளிக்கெழம எப்போதும்வென்றானுக்குப் போறேன். தங்கச்சி வீட்டுக்கு. இனி இங்கன வரமாட்டேன்.”

“என்னம்மா சொல்லுத? இருவத்தேழு வருசம்…”

“என்னால முடியல அண்ணாச்சி. இவியளப் பாக்கும்போதெல்லாம் எம் பிள்ள ரோட்டுல கெடக்கதுதான் தெரியுது. தூக்கத்துல வண்டி ஓட்டிப் பிள்ளையக் கொன்ன மனுசனுக்கு நான் எத்தன நாளு ஒல வைக்க?”

எபநேசர் டம்ளரைக் கீழே வைத்தார். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் வேலை ஓடவில்லை. தான் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீடு நிற்கும், சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷனுக்கு யார் சொல்லவேண்டும்? வியாழக்கிழமை மத்தியானம் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து துணி மூட்டையை எடுத்தார். வீட்டுக்குப் போய் மேரிராணியிடம், “இடைசெவலுக்குப் போயிட்டு வாரேன்” என்றார்.

அவள் அவர் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். இந்தத் தடவை தடுக்கவில்லை. “போங்க. ஆனா நேரா வீட்டுக்குத் திரும்பி வந்துரணும். வழியில கெணறு, தண்டவாளம்னு எங்கனயும் நிக்கப்படாது. எம்மேல சத்தியம் பண்ணுங்க” என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பாலம்மாள் துணிமணிகளைப் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். பாண்டிராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எபநேசர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரவில்லை. மூட்டையை அவிழ்த்து அஞ்சு கம்பிகளையும் தரையில் வைத்தார்.

“பாலம்மா, இவன் தூங்கலம்மா. வண்டி சக்கரம்தான் ஒடஞ்சுது. அந்த வெள்ளிக்கெழம நான் தட்டிப் பாத்தேன். இந்த அஞ்சு கம்பியும் கெட்டுப் போச்சுன்னு சத்தத்துலயே சொல்லுச்சு. கழுவிப் பாக்கல நான். மண்ணுன்னு சொல்லி அனுப்பிட்டேன். விட்டுட்டுப் போவட்டான்னு இவன் கேட்டான். நாந்தான் போன்னேன். பிள்ளையக் கொன்னது நாந்தாம்மா.”

பாலம்மாள் கம்பிகளைப் பார்த்தாள். கையிலிருந்த சேலையை மெல்லக் கீழே வைத்தாள். பிறகு திரும்பினாள். சுவரைப் பார்க்கவில்லை, ஆட்டைப் பார்க்கவில்லை. பத்து மாதத்துக்குப் பிறகு புருஷன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

பாண்டிராஜ் ஒரு கம்பியை எடுத்து அதன் கழுத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

“தெரியும். பின்னால சக்கரம் போனது எனக்குத் தெரியாதா? ரோட்டுல கெடக்கும்போதே இவன் சொன்னதுதான் காதுல கேட்டுது.”

“பெறகு ஏன் சொல்லல? ஏன் சொல்லல?” பாலம்மாளின் குரல் கிழிந்தது. “நான் பத்து மாசமா மொகங்குடுத்துப் பேசாம இருந்தேனே. ஏன் சொல்லல?”

“என்னத்தச் சொல்ல? கோடித்துணிய வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு அழுதான். அவனப் போயி நீதான்னு சொல்லவா? பிள்ளையும் போயி, இவனும் போயி… யாராவது ஒருத்தர் மேல கோவம் இருந்தாத்தான் நீ உசிரோட இருப்பன்னு எனக்குப் பட்டுது. அது எம்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

பாலம்மாள் அப்படியே புருஷனின் காலடியில் சரிந்தாள். முறிந்து கூடின அந்தத் தோளைத் தடவித் தடவி அழுதாள். “ஒரு வா தண்ணி மோந்து குடுக்கலையே நான். ஒத்தக் கையால சோறு போட்டுத் தின்னீங்களே, பாத்துக்கிட்டே இருந்தேனே பாவி” என்று அவள் வைத்த ஒப்பாரியில் பக்கத்து வீடுகளில் ஆள் எட்டிப் பார்த்தது. பிள்ளை செத்த அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை. எபநேசர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். தண்டனை கொடுங்கள் என்று கேட்கிறவனைப் போல நின்றார்.

அழுகை ஓய்ந்ததும் பாலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எபநேசரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“கை தவறுறது மனுசனுக்கு உள்ளதுதான். அதுக்கு ஒங்கள நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் அண்ணாச்சி. ஆனா பத்து மாசம்… வாராவாரம் இங்கன வந்து, இவிய தொண்டை காஞ்சு ஒக்காந்திருக்க, எங்கையால காப்பி வாங்கிக் குடிச்சீங்களே. எப்படி எறங்குச்சு ஒங்களுக்கு?”

வேறு எதைச் சொல்லி ஏசியிருந்தாலும் எபநேசர் தாங்கியிருப்பார். கும்பிட்டார். கும்பிட்ட கையோடு வெளியே வந்து, செருப்பை மாட்டத் தெரியாமல் ரெண்டு தடவை தடுமாறி, வாசலில் நிறுத்தியிருந்த தன் வண்டிப் பக்கம் போனார்.

பின்னால் பாண்டிராஜ் வந்தார். முப்பத்தைந்து வருஷமாக வழியனுப்ப வருகிற மாதிரியே வந்து வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

“எபநேசா.”

“சொல்லுடே.”

“இனிமே வராதடே.”

எபநேசர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவ பேசுதா, பாத்தியா? எனக்கு இனிமே அவ ஒருத்திதான். ஒன்னப் பாத்தா அந்தக் காப்பி ஞாபகம் வந்து திரும்பவும் வாயை மூடிக்கிடுவா.” பாண்டிராஜ் ஒரு தரம் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். “எனக்கும்தான்டே. ஒன்ன மன்னிச்சிட்டேன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். வாராவாரம் நீ வந்து ஒக்காரும்போது, இன்னைக்குச் சொல்லிருவான், இன்னைக்குச் சொல்லிருவான்னு காத்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லல. முத மாசமே வந்து சொல்லியிருந்தா ஒன்னக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன். இப்ப அழுக வரலடே.”

“சரிடே” என்றார் எபநேசர்.

“என்னங்க, சோறு போட்டுட்டேன். வாங்க” என்று உள்ளேயிருந்து பாலம்மாள் கூப்பிட்டாள். அழுது அடைத்த குரல். பாண்டிராஜ் ஹேண்டில்பாரை விட்டார். “வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்.

எபநேசர் எதற்காக வந்தாரோ அது நடந்துவிட்டது. நாளைக்குப் பாலம்மாள் எப்போதும்வென்றானுக்குப் போகமாட்டாள். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. உள்ளே தட்டு வைக்கிற சத்தமும் அவர்கள் ரெண்டு பேரும் ஏதோ பேசுகிற சத்தமும் கேட்டன. அதைக் கொஞ்ச நேரம் கேட்டு நின்றுவிட்டு, வண்டிச் சத்தத்தில் அந்தப் பேச்சு நின்றுவிடக்கூடாது என்று தள்ளிக்கொண்டே தெருவைத் தாண்டி, வீட்டுக்குப் போகிற ரோட்டைப் பிடித்தார்.